cp பக்கத்தைத் திறந்து படித்த வெள்ளிக்கிழமை

மகள் என் ஆபிஸ் போனுக்கு அழைப்பதில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருப்பதால் அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. மாலையில் நான் கொழுந்து மடுவத்து வளைவு வரை ஏறிப்போய், கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையின் ஓரமாக நின்று அவளோடு பேசுவதுதான் வழக்கம். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆபிஸ் போன் அடித்து, எடுத்ததும் "அப்பா" என்ற குரல் கேட்டபோது, ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. போன கிழமை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தன் ஆய்வுக் கட்டுரையின் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள். மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. அதன் மூடியைத் தாங்கும் பிணைச்சல் உடைந்திருந்தது. மூடினால் மறுபடி திரை வெளிச்சம் வராது. திறந்தபடியே, பின்னால் ஒரு பால்மா டின்னை முட்டுக் கொடுத்து, மேசையில் வைத்துவிட்டு, கட்டுரையைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்தப் பென்னில் இருந்தது பழைய பிரதி என்பதை அன்று காலைதான் பார்த்திருக்கிறாள். கடைசி இரண்டு அத்தியாயங்களும் அதில் இல்லை.

நான்கு மணிக்குள் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவசரமாக, ஒரே மூச்சில் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் செய்முறைப் பரீட்சைக்குள் போகவேண்டும். வெளியே வர மூன்று மணியாகும். அதற்குள் நான் வீட்டுக் கணினியில் இருந்து final என்ற கோப்புறையை வேறொரு பென்னில் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், அவளுடைய ஈமெயிலுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அது சின்ன வேலைதானே என்றேன். அப்போதுதான் அவள் மற்றதைச் சொன்னாள். அந்தக் கணினியில் படங்களோ, அம்புக்குறியோ வராதாம். அவளுடைய துறையில் பயன்படுத்தும் அமைப்பு அதில் இருக்கிறதாம். போன கிழமை அதைப் புதுப்பிக்கப் போய், படம் காட்டும் பகுதி கெட்டுவிட்டதாம். கறுப்புத் திரையும் எழுத்துகளும் மட்டும்தான். நாம் ஒரு கட்டளையை எழுத்தில் அடித்தால் அது செய்யும். கடைசி நாளில் இவள் ஏன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது இப்போதைய பாணி என்று நினைத்திருந்தேன்.

உள்ளே நுழைவதற்கான பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னாள். பென்னைச் செருகியதும் அடிக்க வேண்டிய ஒரு வரியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். mount என்று தொடங்கியது. நான் எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு பென்னுக்கு அந்தக் கணினிக்குள் /mnt என்று பெயராம்.

"அதுக்கப்புறம் cp-ன்னு ஒன்னு இருக்கு அப்பா. அதை அடிச்சி..." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "ஐயோ, உள்ள கூப்பிடுறாங்க. வெளங்கலைன்னா man cp-ன்னு அடிச்சிப் பாருங்க. எல்லாம் அதுலயே எழுதியிருக்கு. பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டாள்.

தோட்டத்து மேனேஜரான தொரையிடம் விடுமுறை கேட்டேன். மகள் விஷயம் என்றதும் காரணம் கேட்காமல் தலையாட்டினார். நல்ல மனிதர். ஆபிஸ் மேசை லாச்சியில் ஒரு பென் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன்.

என் மனைவி ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அது பள்ளி விடுமுறைக் காலம். கறிக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், நான் வேளையோடு வருவதைக் கண்டு கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னரே மீனை மூடி வைத்துவிட்டு, மேசையில் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனால் என்ன என்று அவர்தான் முதலில் கேட்டார். கேட்டவரே தூக்கிப் பார்த்தார். திரை ஒரு தரம் நடுங்கி மங்கியது. மெதுவாக வைத்துவிட்டு, டின்னையும் சரியாக முட்டுக் கொடுத்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெயர், கடவுச்சொல், பென்னுக்கான வரி. மூன்றும் பிழையில்லாமல் போயின. பிறகு man cp என்று அடித்தேன்.

திரை முழுவதும் ஆங்கிலம் வந்து நிறைந்தது. ஆங்கிலம் எனக்குப் பயமில்லை. கொழும்புத் தலைமை ஆபிசுக்கு இத்தனை வருடமாக ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறேன். ஆனால் இங்கே ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் விளங்கவில்லை. கோப்புகளையும் கோப்புறைகளையும் பிரதி எடுப்பது என்று முதல் வரி சொன்னது. அது வரை சரி. அடுத்து, சுருக்கம் என்ற தலைப்பின் கீழே இருந்ததைச் சுருக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், அதற்குப் பின்னால் மூன்று புள்ளிகள், பிறகு SOURCE, பிறகு DIRECTORY. அதையே மூன்று விதமாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக எழுதியிருந்தது. எது சரியான விதம் என்று சொல்லவில்லை.

நான் எதையும் மேலிருந்து கீழாக, ஒரு வரியும் விடாமல் வாசிப்பவன். சுற்றறிக்கை வந்தாலும் அப்படித்தான். கீழம்புக்குறியை அழுத்தி அழுத்தி முழுப் பக்கத்தையும் வாசித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு விளக்கம் என்று நீண்டுகொண்டே போனது. எதற்காக அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை. செய்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இருந்தது. வாசித்து முடித்ததும் இன்னொரு சிக்கல். வெளியே வர வழி தெரியவில்லை. கட்டளை அடித்தால் ஏறவில்லை. என்டர் அழுத்தினால் அசையவில்லை. வேறு எந்த விசையை அழுத்தினாலும் பக்கம் மேலேயோ கீழேயோ ஓடியது, அல்லது கிண்ணென்று ஒரு சத்தம் வந்தது.

மனைவி கடைசி வரியில் விரலை வைத்தார். விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இஞ்ச பாருங்கோ. வெளிய போறதெண்டா q அமத்தச் சொல்லிக் கிடக்கு."

உண்மைதான். அடிக்கோடியில், வெள்ளைப் பட்டையில், முதலில் இருந்தே அது எழுதியிருந்திருக்கிறது. வெளியேறும் வழியை அடியில் எழுதி வைப்பது என்ன முறை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. q அழுத்தினேன். பக்கம் மறைந்தது.

பிறகு, பார்த்ததைப் பார்த்தபடி அடித்தேன். அடைப்புக்குறியையும் மூன்று புள்ளிகளையும் கூட விடவில்லை. SOURCE என்ற இடத்தில் மட்டும் final என்று போட்டேன். அது எங்கள் சாமான் என்று தெரிந்ததால். DIRECTORY என்பதை அப்படியே அடித்தேன். எங்கள் ஆபிசில் டெஸ்பாச் என்று ஒரு தட்டு இருக்கிறது. அதில் போட்ட தபால் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும், யாரும் கேட்பதில்லை. DIRECTORY என்பது கணினிக்குள் அப்படி ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கணினி ஏதோ குறை சொன்னது. அடைப்புக்குறியையும் புள்ளிகளையும் எடுத்துவிட்டு அடித்தேன். அதற்கும் ஒரு குறை: -r சொல்லவில்லை, அதனால் கோப்புறையை விட்டுவிட்டேன் என்றது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குறை சொல்கிறது என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். -r சேர்த்து அடித்தேன்.

இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கீழே புது வரி வந்து, கோடு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கிளாக்கராக ஆபிசுக்குள் வருவதற்கு முன்னால் சில வருடம் நான் கணக்கப்பிள்ளையாக மலையில் நின்றவன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசைப்படுத்தி, யார் யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்போம். சொன்ன வேலைக்கு ஒருவர் "சரிங்க" என்றால் போவார். "அந்த மலையில அட்டை கடிக்குதுங்க, நேத்தும் என்னையத்தானே அனுப்புனீங்க" என்று சண்டை பிடித்தாலும் போவார். ஒன்றுமே சொல்லாமல், மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி பேசாமல் நின்றால்தான் ஆபத்து. அவர் போகமாட்டார். நேராக லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார், பின்னால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபிசுக்கு வருவார். பேசாமல் நிற்பவரிடம் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். அதற்கும் பேசாவிட்டால் வேறு வேலை கொடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதனால் கணினி பேசாமல் நின்றதும், மறுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதே கட்டளையை இன்னொரு தரம் அடித்தேன். அதற்கும் பேச்சில்லை.

மனைவிக்கு வேறு அபிப்பிராயம். வகுப்பில் பிள்ளைகள் பேசாமல் இருந்தால் பாடம் விளங்கவில்லை என்றுதான் அர்த்தமாம். சொல்லும் விதத்தை மாற்றிச் சொல்ல வேண்டுமாம். திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தவர், நான் அடித்திருந்த வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா இது? பெயர் எழுதுற கோட்டில பெயர் எண்டே எழுதிவிடுற பிள்ளையள் மாதிரி. DIRECTORY எண்டால், எங்க போகோணுமோ அந்த இடத்தின்ர பேரைப் போடச் சொல்லுறான். பென்னின்ர பேரைப் போடுங்கோ."

எனக்கு முகம் சூடாகியது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த நேரத்தில் cp என்று மறுபடி அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு தரம் சொல்லியும் அசையாத ஆளிடம் மூன்றாம் தரம் அதே வேலையைச் சொல்வதில்லை. man பற்றிய பக்கத்தையே man கொண்டு திறந்தேன். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குச் சம்பந்தமான கட்டளைகளை எல்லாம் தேடித்தரும் வழி அதில் இருந்தது. files என்று கொடுத்தேன். சரம்சரமாக வந்து கொட்டியது. அதில் mv என்று ஒன்று: கோப்புகளை இடம் மாற்றுவது. எனக்கு வேண்டியது அதுதானே, ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு. அதன் பக்கத்தையும் முழுதாக வாசித்தேன். cp பக்கத்தை விடச் சின்னது. அதனால் நல்லது என்று பட்டது.

mv final /mnt என்று அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி அந்தக் கோடு, பேச்சில்லாமல்.

இன்னொரு தரம் அடித்தேன். இந்த முறை பதில் வந்தது. final என்று அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ கிடையாது என்றது.

நான் வாசித்ததை மனைவியும் வாசித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்ததை இப்போது இல்லை என்கிறது. இடையில் கைவைத்தவன் நான் ஒருவன்தான். அடுப்படியில் பூனை மீன் சட்டியின் மூடியைத் தள்ளும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"பென்னுக்குள்ள போயிட்டுது போல," என்றார் பிறகு, மெதுவாக. "இடம் மாத்தச் சொன்னனீங்கள். மாத்தினால் இஞ்ச இருக்காதுதானே."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். பென்னை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். பொத்தானை அழுத்திக் கணினியை அணைத்தேன். மனைவி சேலை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். தோட்டத்து வாசலில் திரீவீல் கிடைத்தது.

நோர்வூட்டில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்; எனக்குப் பழக்கமானவர். வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகைக்குப் போகக் கடையைப் பாதி சாத்தியிருந்தார். எங்களைக் கண்டு மறுபடி திறந்து, பென்னைச் செருகிப் பார்த்தார். final என்ற பெயர் திரையில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் அதைத் திறந்தார்.

"பேரு இருக்கு சேர். உள்ளுக்கு ஒன்னும் இல்லையே."

இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். வேறு கணினியில் செருகியும் பார்த்தார். வெறும் கோப்புறை. பென்னை எப்படிக் கழற்றினீர்கள் என்று கேட்டார். இழுத்துக் கழற்றினேன் என்றேன். அவர் நாக்கை அண்ணத்தில் தட்டிச் சத்தம் செய்தார். அவருக்குப் பள்ளிவாசலுக்கு நேரமாகியிருந்தது.

திரும்பி வரும் வழியில் மனைவி வெளியே பார்த்தபடி வந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. மகளின் ஒரு வருடத்தை ஒரு காலையில் அழித்துவிட்டேன் என்றுதான் என் தலைக்குள் ஓடியது. மூன்று மணிக்கு அவள் பரீட்சை முடிந்து வெளியே வருவாள், ஈமெயிலைத் திறப்பாள். அதற்குப் பிறகு நடப்பதை யோசிக்க முடியவில்லை. வீட்டில் இல்லை, பென்னிலும் இல்லை. இடம் மாற்றினால் ஏதாவது ஓரிடத்தில் இருக்கத்தானே வேண்டும்? இடையில் எங்கே போகும்? ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் பஸ்ஸில் இருந்து இறங்காத ஆள் எப்படிக் காணாமல் போவார்?

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டேன். கடவுச்சொல்லை முதலில் பிழையாக அடித்துவிட்டேன். காலையில் கொட்டிய கட்டளைகளில், கோப்புறையில் உள்ளவற்றை வரிசையாகக் காட்டும் ls என்று ஒன்றைப் பார்த்த ஞாபகம். அதன் பக்கத்தை வாசிக்கப் பொறுமை இல்லை. என் வாழ்க்கையில் விளக்கத்தை வாசிக்காமல் நான் செய்த வேலைகள் குறைவு. அதில் இது ஒன்று. ls என்று மட்டும் அடித்து என்டரைத் தட்டினேன்.

சில பெயர்கள் வந்தன. final இல்லை. மற்றவை மகளின் பழைய பாடங்கள் போல இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய எழுத்தில், DIRECTORY என்று ஒன்று.

நான் அதைத் தலைப்பு என்று எண்ணித் தாண்டிப் போய்விட்டேன். கோப்புறைகளின் வரிசை என்று மேலே எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். மனைவிதான் என் தோளைப் பிடித்தார்.

"உது தலைப்பில்லை. காலமை நீங்கள் அடிச்சது."

"நான் அடிச்சதா?"

"நீங்கள்தான். அது பேசாமல் இருந்ததே, அப்ப செய்திருக்கு. உங்களுக்குத்தான் ஒரு சொல்லுக் கேக்கோணும்."

ls DIRECTORY என்று அடித்தேன். அத்தியாயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அவற்றின் கூடவே final என்று இன்னொரு கோப்புறையும் இருந்தது. அதைத் திறந்தால் அதற்குள்ளும் அதே அத்தியாயங்கள். ஒன்று முதல் தரம் சொன்னபோது செய்தது, மற்றது இரண்டாம் தரம் சொன்னபோது செய்தது. இரண்டு முறையும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது. இல்லாத இடத்தின் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு இடம் இல்லை என்றல்லவா சொல்ல வேண்டும்? அது அந்தப் பெயரில் ஒரு இடத்தை உண்டாக்கி, அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே எழுந்து மீன் சட்டியைப் பார்க்கப் போனார். பூனை பாதியை முடித்திருந்தது.

இந்த முறை mv பக்கம் போகவில்லை. பென்னைச் செருகி, மகள் சொன்ன mount வரியை மறுபடி அடித்து, cp கொண்டு DIRECTORY-ஐப் பென்னுக்குள் போடச் சொன்னேன். அது பேசாமல் முடித்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானா கேட்ட கேள்வி மனதில் இருந்தது: எப்படிக் கழற்றினீர்கள்? கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்றுதானே அர்த்தம். மகள் சொன்ன முதல் வரி mount என்று தொடங்கியதால் man mount என்று அடித்துப் பார்த்தேன். நீளமான பக்கம், தேயிலைப் பங்களாவின் சரித்திரம் போல முடிவே இல்லை. ஆனால் அடியில் பார்க்க இப்போது பழகியிருந்தேன். கடைசியில், இவற்றையும் பார்க்க என்ற தலைப்பின் கீழ் umount என்று ஒரு பெயர். அதன் பக்கத்தைத் திறந்தேன். இணைத்ததைப் பிரிப்பது.

umount /mnt என்று அடித்தேன். உடனே வரவில்லை. பென்னில் ஒரு சின்ன வெளிச்சம் மின்னி மின்னி எரிந்தது. மனைவி வந்து நின்றார். கையை வைக்காதீர்கள் என்றார். நான் வைக்கவில்லை. வெளிச்சம் நின்ற பிறகுதான் புது வரி வந்தது. அப்போதும் நம்பாமல், காலையில் அடித்த வரியால் பென்னை மறுபடி இணைத்து, உள்ளே அத்தியாயங்கள் இருக்கின்றன என்று பார்த்து, மறுபடி பிரித்து, அதற்குப் பிறகுதான் உருவினேன்.

நோர்வூட்டுக்கு வந்தபோது நானாவின் கடை பூட்டிக் கிடந்தது. தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். காத்திருக்கப் பயமாக இருந்தது. ஹட்டன் பஸ் வந்தது; ஏறிவிட்டோம். பென் என் கைக்குள் இருந்தது. பையில் போட மனம் வரவில்லை.

ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே உள்ள கடையில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். பென்னைச் செருகியதும், திரையைப் பார்த்து, எந்தக் கோப்புறை என்று கேட்டார். DIRECTORY என்றேன். ஆமாம் மாத்தயா, அதன் பெயர் என்ன என்று சிங்களத்தில் மறுபடி கேட்டார். பெயரே அதுதான் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் அதைத் திறந்து, அத்தியாயம் ஒவ்வொன்றையும் திறந்து காட்டினார். கடைசி இரண்டையும் காட்டச் சொன்னேன். எழுத்தும் வரைபடங்களுமாக, முழுதாக இருந்தன. மகளின் ஈமெயில் முகவரியைச் சொன்னேன். போய்விட்டது என்றார். உண்மையிலேயே போய்விட்டதா என்றேன். போய்விட்டது மாத்தயா என்றார், பொறுமையாக.

மழை கனத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கூரையின் கீழே, மரக்கறிப் பைகளோடு நின்றவர்களுக்கு நடுவே ஒதுங்கி நின்றோம். இங்கே சிக்னல் இருப்பதால் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பஸ் ஒன்று வந்து, நிரம்பிப் போனது. இன்னொன்றும் போனது. மூன்று மணி கடந்தது. அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் அழைத்தால் பரீட்சை மண்டபத்தில் மணி அடித்துவிடுமோ என்று அழைக்காமல் இருந்தேன். மனைவி ஒரு கடலைச் சுருளை வாங்கி, தானும் சாப்பிடாமல் எனக்கும் தராமல் வைத்திருந்தார்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அழைப்பு வந்தது.

"ஒப்படைச்சிட்டேன் அப்பா. இப்பதான். எல்லாம் சரியா இருந்துச்சி."

நல்லது என்றேன். பரீட்சை எப்படி என்று கேட்டேன். அழத் தொடங்கினாள். காலையில் அத்தியாயங்கள் இல்லை என்று சொன்னபோது அழாதவள், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு அழுதாள். கோப்புகளில் ஏதும் குறையா என்று கேட்டேன். இல்லை என்று அழுதாள். பரீட்சை பிழையாகப் போய்விட்டதா என்றேன். அதுவும் இல்லையாம். மழைச் சத்தத்தில் என் குரல் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

மனைவி கைபேசியை வாங்கினார். என்னோடு எங்கள் பேச்சில் பேசும் மகள், அவரோடு யாழ்ப்பாணப் பேச்சில்தான் பேசுவாள். சிறு வயதில் இருந்து அப்படித்தான். மனைவி பெரும்பாலும் "ஓம்", "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஏன் அழுதாள் என்று கேட்டேன்.

"சொல்லேல்லை," என்றார். "நானும் கேக்கேல்லை."

"பிறகு எதுக்குச் சிரிச்சீங்க?"

"அவள் சிரிச்சவள். நானும் சிரிச்சன்."

எங்கள் பக்கம் போகும் பொகவந்தலாவை பஸ் வந்து நின்றது. கடலைச் சுருளை என் கையில் திணித்துவிட்டு, இடம் பிடிக்க அவர் முன்னால் ஏறினார்.